எங்கள் ஊரில் 9.78

பக்கத்து வீட்டுத் தங்கச்சி போன வாரம் லேப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. செமஸ்டர் விடுமுறைக்கு எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கிறாள். "அண்ணா, எத்தனை தடவை செஞ்சாலும் எனக்கு ஜீ வரமாட்டேங்குது" என்றாள். ஊசலை ஆடவிட்டு, ஜீ என்கிற புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும் சோதனை. புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கத்தில் லிக்விட் பேப்பர் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரிக் கட்டியாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் நீல மையில் 9.81 என்று அழகாக எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2019-இல் நானும் அதே சோதனையில், அதே எண்ணுக்காக, அதே வெள்ளையைப் பூசியவன்தான். அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து பேசியதையும் அவள் போன பிறகு ஞாபகம் வந்ததையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். லேப் பாடம் எடுக்கப்போகிற நம் பிள்ளைகள் யாருக்காவது உதவும்.

முதலில், பாடம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு பிற்பகல், மூன்று மணி நேரம். மேசைக்கு இரண்டு பேர். செமஸ்டருக்குப் பத்துச் சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் அங்கேயே லேப் புத்தகத்தில் பதிவு, அடுத்த வாரம் அறிக்கை, கடைசியில் தனியாளாகச் செய்யும் தேர்வு. நான் படித்த இடத்தில் இப்படி. வேறு இடங்களில் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், குறையும். கிரெடிட் குறைவுதானே என்று ஏமாந்துவிடாதீர்கள். தியரி பாடத்தைக் கடைசி வாரம் கண்விழித்துத் தேற்றிவிடலாம். லேப்பில் விட்ட வாரம் விட்டதுதான். காய்ச்சல் என்றால் கிளினிக்கில் எம்.சி. வாங்கி, லேப் தொடங்குமுன்பே மெயில் போட்டுவிடுங்கள். அப்போதே கேட்டால் வேறு குழுவோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் கருவியைக் கழற்றி அலமாரியில் பூட்டியிருப்பார்கள். மூடிய காலணி கட்டாயம். முதல் வாரமே செருப்போடு போய், விடுதிக்குத் திரும்பி ஓடி, இருபது நிமிடத்தைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

சரி, ஊசலுக்கு வருகிறேன்.

நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்சில் எடுக்க வேண்டும். ஓர் ஆட்ட நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சரிவிலிருந்து ஜீ. எனக்கு வந்தது 9.76. படிவம் நான்கிலிருந்து மனப்பாடமாகக் கிடந்ததோ 9.81. இரண்டு நேரங்களை வெள்ளையால் அழித்து, 'கொஞ்சம்' குறைத்து எழுதினேன். 9.81 வந்துவிட்டது. என் கூட்டாளி, கோத்தா பாருவிலிருந்து வந்த பையன், பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான்.

எங்களை மேற்பார்த்தவர் அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. கெடாக்காரர். புத்தகத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெள்ளைக்கு அடியில் இருந்த பழைய எண்கள் பின்பக்கமாகத் தெரிந்தன.

"தம்பி, இந்த 9.81 எந்த ஊர் எண்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. ஜீக்கு ஊர் ஏது?

ஊர் உண்டு. பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் ஜீ இடத்துக்கு இடம் மாறும். துருவத்தில் 9.83, பூமத்திய ரேகையில் 9.78. பாடநூலில் இருக்கும் 9.81 என்பது 1901-இல் அனைத்துலக மாநாட்டில் தரமாக வைத்துக்கொண்ட 9.80665-ஐ முழுமையாக்கியது. அது சுமார் 45 டிகிரி அட்சரேகைக்கு ஒத்துவரும் எண். மலேசியா முழுவதும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. சுங்கை சிப்புட்டும் ஐந்து டிகிரிக்குள்தான். நமக்கு 9.78. அதாவது, நான் அழித்த எண்தான் நம் ஊருக்குக் கிட்டத்தில் இருந்தது.

நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் அக்கா அடுத்ததைக் கேட்டார். "சரி, உன் 9.76-க்குப் பிழை எவ்வளவு?" கணக்குப் போட்டால் கூடவோ குறையவோ 0.06 வந்தது. 9.70-இலிருந்து 9.82 வரை எதுவாகவும் இருக்கலாம். 9.78-உம் உள்ளே, 9.81-உம் உள்ளே. ஒரு மீட்டர் நூலில் இருபது ஆட்டத்துக்கு இந்த இரண்டு ஜீயும் தரும் நேர வித்தியாசம் வெறும் 0.06 விநாடி. பொத்தானை அழுத்தும் கட்டைவிரலின் தயக்கம் அதைவிடப் பெரியது. "உன் கருவியால பிரிச்சுப் பார்க்கவே முடியாத ரெண்டு எண்ணுக்காக டேட்டாவைக் கெடுத்திருக்கே" என்றார். அந்த வாரம் மதிப்பெண் பாதிதான். மீதிப் பாதியை வைத்துக்கொண்டதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும்.

அதிலிருந்து பேனாவில் மட்டுமே எழுதுவது வழக்கமாயிற்று. தப்பாக எழுதினால் மேலே ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் ஏன் அடித்தேன் என்று இரண்டு வார்த்தை. துண்டுத் தாளில் எழுதி, பிறகு புத்தகத்தில் 'நீட்டாக' ஏற்றுவதும் கூடாது. காபிக் கறையோடு இருந்தாலும் முதலில் எழுதியதுதான் பதிவு. கருவியின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மேசை மைக்ரோமீட்டர் மூடிய நிலையிலேயே 0.03 மில்லிமீட்டர் காட்டும். எந்த மைக்ரோமீட்டரில் அளந்தோம் என்று தெரியாவிட்டால் அதைக் கழிக்கவும் முடியாது.

இந்தப் பிழைக் கணக்கு இருக்கிறதே, முதல் ஒரு மாதம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதேச்சைப் பிழை, முறைப் பிழை என்று இரண்டு வகை என்பார்கள். புரியவைத்தது பாட்டிதான்.

பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு போய், மரம் மரமாக மங்கு வைத்து, காண்டா வாளியில் பால் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து, கிராணி என்கிற தோட்டக் கணக்கர் முன்னால் நிறுக்க வேண்டும். ஒரு வாரக் கடைசியில் ஊருக்கு வந்தபோது வெர்னியர் அளவுகோலைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். கண்ணைச் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு மாறிவிடுகிறது என்று. பாட்டி வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்:

"எங்க கிராணியும் அப்படித்தான். தராசு முள்ளுக்கு நேரா நிக்க மாட்டாரு. நாக்காலில உக்காந்தபடியே ஓரமாப் பார்ப்பாரு. ஒருநாள் கூட, ஒருநாள் கொறைன்னா மாசக் கடைசில சரியாப் போயிடும். அவருக்குத் தெனமும் கொறையாத்தான் தெரியும்."

இதைவிட நன்றாக எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொன்னதில்லை. கூடக்குறைய ஆடுவது எதேச்சைப் பிழை. பத்துத் தடவை அளந்து சராசரி எடுத்தால் அது அடங்கும். தினமும் ஒரே பக்கம் சாய்வது முறைப் பிழை. ஆயிரம் தடவை அளந்தாலும் போகாது. நாற்காலியை நகர்த்தினால்தான் போகும். அறிக்கையில் 'ஹியூமன் எர்ரர்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் பாருங்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டி ஞாபகம்தான். எந்த மனிதர், எங்கே உட்கார்ந்து பார்த்தார், முள் எந்தப் பக்கம் சாய்ந்தது? அதைச் சொல்லாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது. கிடைக்கவும் கூடாது.

இரண்டாம் செமஸ்டரில் ஒரு மின்தேக்கிச் சோதனை. 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 1 மெகா ஓம் தடை. 9 வோல்ட் ஏற்றிவிட்டு, மின்னழுத்தம் 3.3 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று மல்டிமீட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். கணக்குப்படி 100 விநாடி. எங்களுக்கு 92. மூன்று தடவை எடுத்தோம். மூன்றும் 92-ஐ ஒட்டியே. கூட்டாளிக்கு உடனே விடை கிடைத்துவிட்டது: இந்த வகை மின்தேக்கியின் மதிப்பே 20 விழுக்காடு வரை கூடலாம், குறையலாம், அப்படி எழுதிவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போகலாம் என்றான். தப்பில்லாத பதில்தான். ஆனால் பக்கத்து மேசையிலும் குறைவு, அதற்கடுத்த மேசையிலும் குறைவு. எல்லோருக்கும் ஒரே பக்கமா சாயும்? எனக்குக் கிராணியின் நாற்காலி ஞாபகம் வந்தது.

லேப் உதவியாளர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடும் பெரியவர், இன்னொரு மல்டிமீட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதையும் மின்தேக்கிக்குக் குறுக்கே மாட்டினோம். 84 விநாடிதான் வந்தது. மீட்டரைக் கூட்டக் கூட்ட நேரம் குறைகிறது! மல்டிமீட்டருக்குள்ளேயே 10 மெகா ஓம் தடை இருக்கிறது. நாம் வேடிக்கை பார்க்க மாட்டியதாக நினைக்கும் மீட்டர், தன் வழியாகவும் மின்னூட்டத்தை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் இருந்தால் நேரம் 1.1-ஆல் வகுபடும், இரண்டு இருந்தால் 1.2-ஆல். 92-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 101. 84-ஐ 1.2-ஆல் பெருக்கினாலும் கிட்டத்தட்ட அதேதான். நாசி லெமாக் தீர்ந்துபோயிருந்தது. பரவாயில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இதை நாங்கள் கண்டுபிடித்தது லேப்புக்குள், கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது. அறைக்குப் போய் எக்ஸலைத் திறந்த பிறகு சந்தேகம் வந்திருந்தால், வந்த சந்தேகத்தோடு படுத்துத் தூங்க வேண்டியதுதான். அதனால் வரைபடத்தை அளக்க அளக்கவே வரைந்துகொண்டு போங்கள். ஒரு புள்ளி கோட்டைவிட்டு ஓடினால் அப்போதே திரும்ப அளக்கலாம். வரைதாள் போதும், அழகு தேவையில்லை. எக்ஸலில் லைன்எஸ்ட் என்ற சூத்திரத்தைப் போட்டுச் சரிவையும் அதன் பிழையையும் எடுப்பது ராத்திரி வேலை. அந்த ராத்திரியே விவாதப் பகுதியையும் நாலு வரி எழுதிவிடுங்கள். மூன்று நாள் கழித்து நினைவில் நிற்பது அந்த லேப்பின் ஏர்கான் குளிர் மட்டும்தான். இன்னொன்று, கைத்தாளை முந்தின நாளே படித்து, வெற்று அட்டவணையைக் கோடு போட்டு வைத்துக்கொண்டு போங்கள். மூன்று மணி நேரத்தில் நாற்பது நிமிடம் அதிலேயே மிச்சம்.

முதல் செமஸ்டர் தேர்வில் நான் கவிழ்ந்த கதையும் இருக்கிறது. கூட்டாளிக்குக் கை நேர்த்தி அதிகம், எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். தானாகவே வேலை பிரிந்துவிட்டது. அவன் கருவியைத் தொடுவான், நான் எழுதுவேன். பத்து வாரமும் அப்படியே ஓடியது. தேர்வில் எனக்கு விழுந்தது ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒளி வளையும் கோணத்தை அளக்கும் கருவி. முப்பட்டகத்தின் சிறும விலகல் கோணம் காண வேண்டும். தொலைநோக்கியை முதலில் தூரத்துப் பொருளுக்குக் குவித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் வாய்ப்பாடுபோலத் தெரியும். பிளவின் பிம்பத்தைப் பிடித்தும்விட்டேன். குறுக்குக் கம்பியில் பொருத்த நுண்திருகைத் திருப்புகிறேன், திருப்புகிறேன், பிம்பம் அசையவே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன். பத்து நிமிடம் போன பிறகுதான் அடியில் இன்னொரு திருகு கண்ணில் பட்டது. முதலில் அதை இறுக்கித் தொலைநோக்கியைப் பூட்டினால்தான் நுண்திருகு பிடிக்கும். பத்து வாரம் ஒவ்வொரு தடவையும் கூட்டாளியின் இடது கை அதைச் செய்துகொண்டிருந்தது. எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. வாராவாரம் ஆள் மாற்றிச் செய்யுங்கள். அவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் சரி, எழுதட்டும்.

அப்புறம் 2020 மார்ச் 18. பிகேபி, அதாவது கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. ஆறு சோதனை முடிந்திருந்தது, நாலு பாக்கி. ஊருக்கு வந்துவிட்டேன். வீடு இப்போது தோட்டத்து லயத்தில் இல்லை; டவுன் ஓரத் தாமான் குடியிருப்பில். பின்னால் செம்பனை. பாக்கிச் சோதனைகளை வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்துச் செய்து அனுப்பச் சொன்னார்கள். கைப்பேசியின் உணரிகளை அளவுகருவியாக்கும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அதை இறக்கிக்கொண்டோம்.

ஒலியின் வேகத்தை நானும் என் சொந்தத் தங்கையும் அளந்தோம். தாமான் ரோட்டில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கைப்பேசிகள். நான் தட்டினால் என் கைப்பேசிக் கடிகாரம் உடனே ஓடும், அவளுடையது சத்தம் போய்ச் சேர்ந்ததும் ஓடும். பிறகு அவள் தட்டினால் அவளுடையது முதலில் நிற்கும், என்னுடையது பின்னால் நிற்கும். இரண்டு நேரத்தின் வித்தியாசம், சத்தம் இருபது மீட்டர் போக எடுத்த நேரம். பகலில் ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார் சைக்கிள் போனால் கடிகாரம் ஓடியது, எதிர்வீட்டு நாய் குரைத்தால் நின்றது. கைதட்டிக்கொண்டே இருந்ததால் நாயும் குரைத்துக்கொண்டே இருந்தது. இரவு ஒன்பதுக்கு மேல், நாயை வீட்டுக்காரர் உள்ளே கட்டிய பிறகு எடுத்தோம். 57.8 மில்லி விநாடி. வேகம் விநாடிக்கு 346 மீட்டர், பிழை 3. புத்தகத்தில் 343 இருக்கும். அது 20 டிகிரிக்கு. அன்று இரவு எங்கள் ரோட்டில் 27 டிகிரி. அதற்கு 347-ஐத் தாண்டி வர வேண்டும். எங்கள் எண்ணுக்குள் அது அடங்கியது; 343 விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. அப்படியே எழுதினேன், தொற்றிக்கொண்டிருந்ததையும் சேர்த்து.

பழைய கடன் ஒன்றையும் தீர்த்தேன். முன்வாசல் உத்தரத்துக் கொக்கியில் தங்கூசி நூல் கட்டி, அப்பாவின் லாரி நட்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். கொக்கியிலிருந்து நட்டின் நடுவரை 2.20 மீட்டர். இருபது ஆட்டம் இல்லை, ஐம்பது. நூல் நீண்டு, ஆட்டமும் கூடும்போது, 9.78-க்கும் 9.81-க்கும் உள்ள நேர வித்தியாசம் 0.23 விநாடி ஆகிவிடுகிறது. கட்டைவிரலின் தயக்கம் அப்படியேதான் இருக்கும். ஆகவே இப்போது பிரித்துப் பார்க்கலாம். ஐந்து டிகிரிக்குமேல் இழுத்துவிடக் கூடாது. பத்து டிகிரி இழுத்தால் நேரம் 0.2 விழுக்காடு கூடிவிடும், ஜீ 0.4 விழுக்காடு குறைந்துவிடும்; நாம் தேடுகிற வித்தியாசமே 0.3 விழுக்காடுதான். எட்டுத் தடவை எடுத்தேன். 9.77, பிழை 0.02. 9.81 வெளியே போய்விட்டது.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நான் 9.78-ன்னு மாத்தி எழுதிடவா?" என்றாள். பகீரென்றது.

அவள் புத்தகத்தை வாங்கி, நகத்தால் அந்த வெள்ளையைச் சுரண்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. அடியில் 10.84. பத்து விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். கட்டைவிரல் தயக்கத்தில் இவ்வளவு வராது. அவள் வரைந்த கோடோ குறையில்லாத நேர்கோடு, எல்லாப் புள்ளியும் அதன்மேலேயே. எதேச்சையாக ஒன்றும் ஆடவில்லை. மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது.

வாசலுக்குக் கூட்டிப்போனேன். கொக்கியும் தங்கூசியும் இன்னும் இருக்கின்றன. நட்டை மாட்டி, "இருபது ஆட்டம் எண்ணு" என்றேன். இழுத்தாள். கைப்பேசிக் கடிகாரத்தைத் தட்டி, நட்டை விட்ட அதே கணத்தில் வாயால் சொன்னாள்:

"ஒண்ணு."

"நிறுத்து" என்றேன். "இன்னும் ஒரு ஆட்டம்கூட முடியலையே, அதுக்குள்ள எப்படி ஒண்ணு?"

வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் இருபது என்று எண்ணியதெல்லாம் பத்தொன்பது. பத்தொன்பது ஆட்டத்தின் நேரத்தை இருபதால் வகுத்திருக்கிறாள். இருபதைப் பத்தொன்பதால் வகுத்து, வர்க்கமாக்கி, 9.78-ஆல் பெருக்கிப் பாருங்கள். 10.84 தான்.

பேனாவை எடுத்து, 9.81-க்கு மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். பிறகு நட்டைத் திரும்ப இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். விட்டாள்.

"சுழியம்..."